கயிறு இழுத்ததும் வேக்ஸ்கேட் பலகை நழுவுதுங்களா?

வேக்ஸ்கேட் என்பது படகு கயிறு கட்டி இழுக்க, மேலே நின்று தண்ணீரில் வழுக்கிப் போகும் பலகை. கிளம்பும்போது முழங்காலை நெஞ்சோடு மடக்கியே வையுங்க, பலகை தண்ணீர் மேல் ஏறி வழுக்கத் தொடங்கும்வரை எழவே எழாதீங்க. கயிறு இறுகியதும் பலகை முன்னால் ஓடி மல்லாந்து விழுவதாக எழுதியிருந்தீங்க, பெரும்பாலும் அவசரப்பட்டு காலை நீட்டுவதுதான் காரணம். இதே மாதிரி படகு இழுக்கும் வேக்போர்டு பலகையில் காலைப் பூட்டும் பட்டை இருக்கும், இதில் அது கிடையாது, ஒட்டிய சொரசொரப்புத் தாளும் உங்க எடையும்தான் பிடி, காலை நீட்டினால் நீங்களே பலகையை உதைத்துத் தள்ளிய மாதிரி.

கோபிசெட்டிபாளையம் பக்கம் சேற்று வயலில் மாடு பூட்டிப் பரம்படிக்கிறவர் பலகை மேல் நிற்பதைப் பார்த்திருப்பீங்க. யாரும் அவரைக் கட்டிவைக்கவில்லை, முழங்கால் இளகி, எடை நடுவில். அதேதான் இங்கேயும்.

ஒன்று செய்து பாருங்க. தண்ணீரில் மல்லாந்து, பலகையை விளிம்பில் நிறுத்திப் பாதத்தை அதில் பதித்து, ஒரு கையால் பலகை விளிம்பையும் மறு கையால் கயிற்றுக் கைப்பிடியின் நடுவையும் பிடியுங்க. தண்ணீர் பலகையைப் பாதத்தோடு அழுத்தியதும் விளிம்பை விடலாம். கயிறு பிடித்த கை நீண்டே இருக்கட்டும். படகோட்டியிடம் மெதுவாக எடுக்கச் சொல்லுங்க, எழுந்தபின் மணிக்கு 25 கிலோமீட்டர் சுமார் போதும்.

அப்புறமும் நழுவினால் தாள் தேய்ந்துவிட்டதா, ஷூ அடிப்பாகம் தட்டையா பாருங்க. சொரசொரப்புத் தாளில் வெறுங்கால் வேண்டாம், தோல் உரியும்.

லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் கட்டாயம். ஊருக்கு வந்ததும் கீழ்பவானி வாய்க்காலில் பைக்கில் கயிறு கட்டிப் பழகலாமா என்று கேட்டீங்களே, சாமி, அது மட்டும் வேண்டாம், கரையும் மதகும் பக்கத்திலேயே இருக்கு.