அங்கே ஐப்பசி மழை மாதம் இல்லை

கேள்வி: கலிபோர்னியாவில், சேக்ரமென்டோவுக்குக் கிழக்கே ஒரு மலையடிவாரக் கிராமத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். தீபாவளிக்குப் பேரனோடு நாலு கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் கொளுத்தலாம் என்றால், "வேண்டாம்ப்பா, போலீஸ் வந்துடும்" என்று மகள் பயப்படுகிறாள். ஆனால் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 வந்தால் பக்கத்து ஊரில் கூடாரம் போட்டுப் பட்டாசு விற்கிறார்கள். தீபாவளியை மாநில விடுமுறை நாளாக அறிவித்த அரசு, நம் பட்டாசை மட்டும் தடுப்பது ஓரவஞ்சனை இல்லையா?
— மதுரை வாசகர் ஒருவர்

பதில்: மகள் பேச்சைக் கேளுங்கள் ஐயா. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத் தலையோடு முதல் சரத்தைக் கொளுத்த ஓடியவன்தான் நானும். அந்த ஆசை எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை.

நமக்குத் தீபாவளி ஐப்பசியில் வருகிறது. அடைமழைக் காலம். நமத்துப்போன பட்டாசை முறத்தில் பரப்பி மொட்டைமாடியில் காயவைத்தது உங்களுக்கும் நினைவிருக்கும். ராக்கெட் எங்கேயாவது கூரை வீட்டில் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் நம் கவலை. தரையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் மழை ஏப்ரல், மே மாதத்தோடு நின்றுவிடும். அப்புறம் ஐந்தாறு மாதம் வெறும் வெயில். மலைச்சரிவுப் புல் முழுக்கக் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். நம் ஐப்பசி அங்கே அந்தக் கோடையின் வால். புல்லும் புதரும் ஆண்டிலேயே அதிகமாகக் காய்ந்திருக்கும் நேரத்தில், கிழக்கிலிருந்து வறண்ட காற்றும் சேர்ந்துகொள்ளும். 2018-இல் தீபாவளி நவம்பர் 6. அதற்கு இரண்டாம் நாள் காலை, அதே மலையடிவாரத்தில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் இறந்தார்கள். அதற்குக் காரணம் பழைய மின்கம்பியின் தேய்ந்த கொக்கி, பட்டாசு இல்லை. ஆனால் அந்த வாரம் அந்தப் புல் எந்தப் பொறிக்கும் தயாராக இருந்தது.

மத்தாப்பு என்ன செய்துவிடும் என்கிறீர்களா? 2020 செப்டம்பர் 5, தென் கலிபோர்னியாவில் யுகைபா. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று சொல்ல ஒரு தம்பதி வண்ணப் புகை வாணம் ஒன்றைப் பூங்காவில் கொளுத்தினார்கள். சுற்றிலும் இடுப்புயரக் காய்ந்த புல். பற்றிக்கொண்டதும் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொண்டு அணைக்கப் பார்த்தார்கள். பாட்டில் தண்ணீர் எம்மாத்திரம்! 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தீயணைக்கப் போன வீரர் ஒருவர் உயிரை விட்டார். கணவருக்கு ஓராண்டுச் சிறை. இழப்பீடு சுமார் 18 லட்சம் டாலர். உங்களைப் போலவே ஒரு குழந்தையின் சந்தோஷத்துக்காக வந்த குடும்பம்தான் அது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், பக்கத்து மாநிலமான ஒரேகனில் 15 வயதுப் பையன் பள்ளத்தாக்கில் எறிந்த ஒரு வாணத்தால் சுமார் 48,000 ஏக்கர் எரிந்தது. மலையேறப் போன 150 பேர் வரை அன்று இரவு முழுக்கக் காட்டிலேயே சிக்கிக் கிடந்தார்கள். கொலம்பியா ஆற்றையே தாண்டி அக்கரைக்குப் போனது அந்த நெருப்பு.

சரி, ஓரவஞ்சனைக்கு வருகிறேன். சட்டத்தில் கோணல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் காட்டும் இடத்தில் இல்லை. பறக்காத, வெடிக்காத, மாநிலத் தீயணைப்புத் துறையின் முத்திரை பெற்ற வாணங்களை ஜூன் 28 முதல் ஜூலை 6 வரை விற்கலாம் என்கிறது மாநிலச் சட்டம். வேண்டுமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நகரமும் கவுன்டியும் (நம் மாவட்டம் மாதிரி) முடிவு செய்துகொள்ளலாம். அதனால் சமவெளி நகரத்தில் கூடாரம், மலைக் கிராமத்தில் தடை. நடுவே அரை மணி நேரக் கார்ப் பயணம். டிக்கியை யார் திறந்து பார்ப்பது? பள்ளிக்கூடங்களும் தொண்டு அமைப்புகளும் நிதி திரட்டுவதற்காக இந்தக் கூடாரங்களை நடத்துவதால், மூடச் சொல்ல உள்ளூர்க்காரர்களுக்கே வாய் வருவதில்லை. ஜூலையிலும் புல் காய்ந்துதான் கிடக்கிறது. காட்டுக்குப் பக்கத்து ஊர்களில் அந்தக் கூடாரத்தை மூடு என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அவர்களுக்கு ஜூலையில் கொடுத்த தவறை எங்களுக்கு ஐப்பசியிலும் கொடு என்று கேட்காதீர்கள்.

பேரனுக்குச் சொல்ல ஒரு கதை தருகிறேன். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வந்து கூடு கட்டும் பறவைகள் மிரண்டு போகுமே என்று ஊரே பல காலமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது.

அப்புறம் ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை மகள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பிடி புல்லைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். பிறகும் கோபம் இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.