கோழிக்கறியைக் கழுவினால் கிருமி போகுமா?

கேள்வி: கறிக்கடையில் வாங்கிவரும் பிராய்லர் கோழியை மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நான்கைந்து தண்ணீரில் அலசித்தான் சமைக்கிறோம். கழுவவே கூடாது, சால்மோனெல்லா பரவும் என்கிறார்களே, சரியா?
– வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: சரிதான். சால்மோனெல்லா கோழியின் குடலில், பெரும்பாலும் கோழிக்கு எந்த நோய்க்குறியும் காட்டாமல் வாழும் பாக்டீரியா. கடையில் குடலை உருவும்போது அது கிழிந்தாலோ, ஒரே கட்டையில் ஒரே கத்தியால் அடுத்தடுத்த கோழிகளை வெட்டினாலோ, நல்ல கோழியின் கறியிலும் அது ஒட்டிக்கொள்கிறது. மஞ்சளும் உப்பும் கவிச்சி வாடையைக் குறைக்கும். கிருமியை நம்பத்தக்க அளவில் கொல்லாது. மாறாக, குழாயைத் திறந்துவிட்டு அலசும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்தில் கவிழ்த்துவைத்த தட்டுகளிலும் கொத்தமல்லிக் கட்டிலும் விழுகின்றன. ரத்தத்தோடும் இறகுத் துணுக்கோடும் எப்படிச் சமைப்பது என்று கேட்பீர்கள். கழுவியே ஆகவேண்டுமென்றால் பாத்திரத்துத் தண்ணீரில் தெறிக்காமல் அலசி, பிறகு தொட்டியையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கிருமியைக் கொல்வது வெப்பம்தான். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால் சால்மோனெல்லா பிழைக்காது. நன்றாகக் கொதித்து வெந்த குழம்பு அதைத் தாண்டிவிடும் என்பதால், குழம்பைவிட, கறி வெட்டிய அதே அரிவாள்மனையில் தயிர்ப்பச்சடிக்கு நறுக்கிய வெங்காயத்தைத்தான் நான் சந்தேகிப்பேன். ஃப்ரீசரில் வைப்பதாலும் இக்கிருமி அழிந்துவிடாது.

ஆனால் பழி முழுவதையும் சமைப்பவர் தலையில் போடுவது நியாயமில்லை. அமெரிக்காவில் 2013 மார்ச் முதல் 2014 ஜூலை வரை, கலிபோர்னியாவின் ஃபாஸ்டர் ஃபார்ம்ஸ் நிறுவனக் கோழிக்கறியோடு தொடர்புபடுத்தப்பட்ட சால்மோனெல்லா ஹைடல்பெர்க் தொற்றால், 29 மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோவிலுமாக 634 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. பரவிய வகைகளில் சில, பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. அரசு ஆய்வாளர்கள் பணியில் இருக்கும் ஆலைகளிலிருந்து வந்த கறியிலேயே இப்படி என்றால், பண்ணையிலும் வெட்டுமிடத்திலும் கட்டுப்பாடு இல்லாமல் அடுக்களைச் சுத்தம் மட்டும் எவ்வளவு தாங்கும்?

அசுத்தமான கறியைச் சாப்பிட்ட 6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு தொடங்கலாம். பெரும்பாலானோருக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலும் ஓய்வும் போதும், ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும். கைக்குழந்தை, முதியவர், கர்ப்பிணி, நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். டைஃபாய்டு இதே இனக் கிருமியால் வந்தாலும், அந்த வகை மனிதரிடம் மட்டுமே வாழ்வதால் அதற்குக் கோழியைக் குறைசொல்ல முடியாது.