பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிக்க நினைத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

பழைய வீடு ஒன்றை வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு விடவோ விற்கவோ போகிறேன், சமையலறை குளியலறையில் வேலையை ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதலில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று பாருங்கள்.

நான் முதன்முதலில் வாங்கிய வீட்டில் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு பெயிண்ட் உப்பியிருந்தது. சுரண்டி, பட்டி பார்த்து அடித்தால் போய்விடும் என்று நம்பித்தான் விலை பேசினேன். மூன்றே மாதத்தில் அதே இடத்தில் மறுபடி உப்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை, அங்கே புதிதாக டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தேன், உடைத்துப் பார்த்தால் உள்ளே பழைய இரும்புக் குழாயின் ஜாயிண்டில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. புது டைல்ஸும் போனது, ஒரு மாத வாடகையும் போனது.

அதனால் இப்போது ஓதம் தெரிந்தால் ஒரு சின்ன சோதனை செய்கிறேன். ஓரடி பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றில் உள்ள ஈரம், பெரும்பாலும் காற்றோட்டத்தைச் சரிசெய்தாலே போதும். இரண்டுக்கும் ஆகும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்புறம் கூரைத் தளம். ஒரு கம்பால் தட்டிக்கொண்டே போங்கள், பொத்தென்று ஒலி கேட்கும் இடத்தில் பூச்சோ கான்கிரீட்டோ பிரிந்திருக்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதுதான் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. கம்பி மெலிந்திருந்தாலோ, சுவரில் விரல் நுழையும் அளவுக்குச் சாய்வான விரிசல் இருந்தாலோ கட்டடப் பொறியாளரைக் கூட்டிப் போய்க் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

லாபம் வாங்கும் விலையிலேயே முடிவாகிவிடுகிறது. வேலை முடிந்தபின் வீடு என்ன விலைக்குப் போகும் என்று அக்கம்பக்கத்தில் உண்மையில் விற்ற விலைகளை வைத்துப் பாருங்கள் (கேட்கிற விலைகளை வைத்து இல்லை), அதிலிருந்து பழுதுச் செலவு, பதிவுச் செலவு, வீடு சும்மா கிடக்கும் மாதங்களின் வட்டி, உங்களுக்கு வேண்டிய லாபம் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய விலை. பழுதுச் செலவின் மேல் 20 சதவீதம் தனியாக எடுத்து வைப்பேன், அது மிஞ்சியதே கிடையாது. வாடகைக்கு என்றால் வருட வாடகையில் வரி, பராமரிப்பு, ஒரு மாதக் காலியிருப்பு ஆகியவற்றைக் கழித்து, மிச்சத்தைப் பழுதுச் செலவும் சேர்ந்த மொத்த முதலோடு ஒப்பிடுங்கள்.

வேலையை மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே கொண்டுபோங்கள்: கூரை, விரிசல், குழாய், ஒயரிங், அப்புறம் பூச்சு, தரை, கடைசியில் பெயிண்ட். காண்ட்ராக்டருக்குப் பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். குளியலறையில் வாட்டர்ப்ரூஃபிங் காய்ந்ததும் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்த்தளக் கூரையைப் போய்ப் பாருங்கள். சுவரை மூடும் முன் குழாயும் ஒயரும் போகிற வழியை, பக்கத்தில் அளவு டேப்பை விரித்து வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கசிந்தால் எந்த டைல்ஸை உடைப்பது என்று தெரியும்.