நாணயம் யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வரைகலை வேலை செய்து கொடுக்கிறேன். சம்பளத்தை யூஎஸ்டிடி எனும், அமெரிக்க டொலர் மதிப்பையொட்டிய டிஜிட்டல் நாணயமாக அனுப்புகிறார்கள். இரண்டு வருடமாகச் சேர்ந்தது முழுவதும் எக்ஸ்சேஞ்ச் (இந்நாணயங்களை வாங்கி விற்கும் இணையச் சந்தை) கணக்கிலேயே கிடக்கிறது. சொந்த வாலட்டுக்கு, அதாவது நாமே வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் பணப்பைக்கு, மாற்றிவிடச் சொல்லித் தம்பி நச்சரிக்கிறான். அதைத் திறக்கும் 12 இரகசியச் சொற்கள் தொலைந்தால் எல்லாம் போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. எது பாதுகாப்பு?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஹட்டன்

பதில்: உங்கள் பயம் வீண் பயமல்ல. ஆனால் கணக்கில் 'கிடக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். எக்ஸ்சேஞ்சில் இருப்பது உங்கள் கைக்கு வந்த நாணயமன்று. அந்த நிறுவனம் உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி. சீட்டுப் பிடிப்பவரிடம் கட்டிய பணத்தைப் போல, அவர் நொடித்துப்போகாத வரைக்கும்தான் அது உங்களுடையது. உள்ளூர் வங்கி வைப்புக்காவது ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. இதற்கு அதுவும் இல்லை. மத்திய வங்கியும் இவ்வகை நாணயங்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருப்பதோடு, கடன் அட்டையாலும் டெபிட் அட்டையாலும் அவற்றை வாங்க அனுமதியில்லை என்றும் அறிவித்திருக்கிறது.

2014இல் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் மூடப்பட்டபோது பிட்காயினை அங்கே விட்டுவைத்திருந்தவர்கள், அதில் ஒரு பங்கைத் திரும்பப் பெறத் தொடங்கியதே 2024இல்தான். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது, வாடிக்கையாளர்களின் நாணயங்களுக்கு அன்றைய அடிமட்ட விலையே கணக்கிடப்பட்டது. பிட்காயின் பிற்பாடு பல மடங்கு ஏறியும் அந்த ஏற்றம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நமக்குக் கடன்பட்டவரிடம் பணம்தான் கேட்கலாம், பொருளைக் கேட்க முடியாது என்பதன் பொருள் இதுதான்.

சொந்த வாலட்டில் சாவி உங்களிடம். அந்த 12 அல்லது 24 சொற்களே சாவி. கைப்பேசி உடைந்தாலும் வேறொரு கைப்பேசியில் அவற்றை உள்ளிட்டு எல்லாவற்றையும் மீட்கலாம். சொற்கள் போனால், முறையிட யாருமில்லை. நம் மலைநாட்டில் இது சிறிய விஷயமன்று. என் சொற்களை ஜெல் பேனாவால் எழுதி அலுமாரியில் சேலைகளுக்கடியில் வைத்தேன்; ஒரு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தபோது பூஞ்சணம் படர்ந்து, ஏழாம் சொல் நீலக் கறையாக இருந்தது. நல்லவேளை, இன்னொரு பிரதி இருந்தது. பென்சில் எழுத்து ஈரத்தில் ஊறாது. அதைவிட நல்லது, பழைய எவர்சில்வர் தட்டின் பின்புறத்தில் ஆணியால் நீங்களே பொறித்துக்கொள்வது. பாத்திரத்தில் பெயர் வெட்டும் கடைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்! வாலட்டுகள் இச்சொற்களை எடுக்கும் பொதுவான ஆங்கிலப் பட்டியலிலுள்ள 2048 சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இராது. ஆகவே ஒவ்வொன்றிலும் முதல் நான்கெழுத்தைப் பொறித்தாலே போதும்.

இரண்டு பிரதிகள் செய்து, இரண்டையும் ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வைக்கக் கூடாது. ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியே அடுத்த காம்பராவுக்கு ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம்; 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடிவிட்டது. ஒரு பிரதி வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

என் அபிப்பிராயம்: மாதச் செலவுக்கு மாற்றவேண்டிய தொகையை எக்ஸ்சேஞ்சில் விட்டு, மிச்சத்தை வாலட்டுக்குக் கொண்டுபோங்கள், ஆனால் ஒத்திகை பார்த்த பிறகு. முதலில் பத்து டொலர் அனுப்புங்கள். பிறகு வாலட் செயலியை அழித்து, தட்டிலுள்ள சொற்களைக் கொண்டு மீட்டுப் பாருங்கள். பத்து டொலர் திரும்பத் தெரிந்தால்தான் பெரிய தொகையைத் தொடவேண்டும். யூஎஸ்டிடியை அனுப்பும் வலையமைப்புகளில் ஒன்று ட்ரான்; அதன் வாலட் முகவரி ஆங்கில 'டீ' எழுத்தில் தொடங்கும். அங்கிருந்து திரும்ப அனுப்பக் கட்டணத்துக்கு ட்ரானின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் கொஞ்சம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிட்டுத் தவிக்கிறார்கள். இன்னொன்று: யூஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனம் எந்த முகவரியிலுள்ளதையும் முடக்க வல்லது. எனவே சொந்த வாலட்டும் இந்த நாணயத்துக்கு முழுக் காவலன்று; நெடுநாள் சேமிப்பு முழுவதையும் இதிலேயே வைக்கவேண்டுமா என்று தம்பியோடு பேசுங்கள். எக்ஸ்சேஞ்சில் விடும் தொகைக்கு, குறுஞ்செய்தியில் வரும் நுழைவுக் குறியீட்டுக்குப் பதிலாக, அதைக் கைப்பேசியிலேயே உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 12 சொற்களையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அழித்துவிட்டால் போதுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: போதாது. அழித்த படம் குப்பைத் தொட்டியில் சில வாரம் தங்கும். தானியங்கிச் சேமிப்பு ஓடிக்கொண்டிருந்தால் இணையத்திலும் ஒரு பிரதி ஏறியிருக்கும். புதிய வாலட் ஒன்றை உருவாக்கி, புதிய சொற்களைக் கையால் எழுதி, நாணயங்களை அதற்கு மாற்றிவிட்டுப் பழையதைக் கைவிடுங்கள்.