ப்ராஜெக்ட் வாங்கக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம், சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். கணவர் பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மகன் இன்ஜினியரிங் கடைசி வருடம், கம்ப்யூட்டர் சயின்ஸ். நாலு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய ப்ராஜெக்டை விஜயநகர் பக்கம் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் 18,000 ரூபாய்க்கு வாங்கப்போகிறார்களாம். இவன் பங்கு 4,500. கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் கொடுத்து, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்ன சொல்லணும் என்றுகூடச் சொல்லித் தருவார்களாம். கூடாது என்றேன். ‘எல்லாரும் வாங்குறாங்கம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது’ என்கிறான். அவரோ, ‘நீட் பேப்பரே விலைக்குப் போகுது, இதுக்குப் போய் அலட்டிக்கிறியே, குடுத்துத் தொலை’ என்கிறார். இவர்களுக்கு ஒழுக்க நெறி பற்றி ஒரு பாடமே இருந்தது, அதன் பரீட்சைக்கே விடைகள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். துறைத் தலைவர் ஹெச்.ஓ.டி.யிடம் போய்ச் சொல்லட்டுமா? வாரக் கடைசியில் ஏதாவது நல்லொழுக்க வகுப்பில் சேர்த்துவிட்டால் திருந்துவானா?
— பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரிக்கு, நேராகவே சொல்லிவிடுகிறேன். காசு கொடுக்க வேண்டாம். ஹெச்.ஓ.டி.யிடமும் இப்போதைக்குப் போக வேண்டாம். வகுப்பில் சேர்ப்பது உங்கள் இஷ்டம், போனால் கெட்டுப்போக மாட்டான், ஆனால் இந்த விஷயம் அங்கே தீராது.

வகுப்பை மட்டமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1920-களில் அமெரிக்காவில் ஹ்யூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்று இரண்டு ஆய்வாளர்கள், ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை விதவிதமாகச் சோதித்துப் பார்த்தார்கள், தன் விடைத்தாளைத் தானே திருத்தவிடுவது மாதிரி, ஏமாற்ற வசதி செய்து கொடுத்துவிட்டு யார் எங்கே சறுக்குகிறார்கள் என்று. 1928-ல் முடிவு வெளிவந்தபோது, நீதிபோதனை நிறையக் கேட்ட பிள்ளை யோக்கியமாக இருக்கும் என்று நம்பியவர்களுக்குத்தான் ஏமாற்றம். ஒரு இடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளையே இன்னொரு இடத்தில் கூசாமல் ஏமாற்றியது. எது சரி, எது தப்பு என்று ஒப்பிக்கத் தெரிந்ததற்கும் நடந்துகொண்டதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பிள்ளை படிக்கிற வகுப்பறையில் எது சகஜம், கூட இருப்பவர்கள் எப்படி என்பதுதான் கணக்கில் வந்தது. 1990-களிலிருந்து கல்லூரி மாணவர்களிடம் இதையே தொடர்ந்து விசாரித்த டொனால்ட் மெக்கேப் என்ற பேராசிரியரும் கிட்டத்தட்ட அங்கேயேதான் வந்து நின்றார்: மற்றவர்கள் காப்பியடிக்கிறார்கள் என்று ஒரு மாணவன் நினைத்தால், அந்த நினைப்பே அவனைப் பெரிதாக இழுக்கிறது. அதனால் உங்கள் பிள்ளை ‘எல்லாரும் வாங்குறாங்க’ என்று சொல்வதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள், உண்மையான காரணத்தைத்தான் சொல்கிறான்.

கண்காணிப்பு இருந்தால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் ஆகும். கர்நாடகத்தில் 2024 எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் ஹாலுக்கு ஹால் கேமரா வைத்து நேரலையில் பார்த்தார்களே, முந்தின வருடம் சுமார் 84 சதவீதமாக இருந்த தேர்ச்சி 73-க்கு இறங்கியது, அதுவும் கருணை மதிப்பெண்ணைக் கூட்டிக் கொடுத்த பிறகு. ஆனால் ப்ராஜெக்ட் என்பது மாதக்கணக்கில் வீட்டிலும் ஹாஸ்டலிலும் நடக்கிற வேலை, அங்கே எந்தக் கேமராவை மாட்டுவது?

நான் கல்லூரியில் பாடம் நடத்தியவள், வெளிக் கல்லூரிகளுக்கு வைவா எடுக்கவும் போயிருக்கிறேன். விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன், உங்கள் பிள்ளையும் படிக்கட்டும். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, பைண்டிங் பிரமாதம். இலையைப் போட்டோ எடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் ப்ராஜெக்ட். (இந்த இலை நோய் ப்ராஜெக்டை இந்தியாவில் இதுவரை எத்தனை பேர் ‘கண்டுபிடித்திருக்கிறார்கள்’ என்று யாராவது எண்ண வேண்டும்.) ரிப்போர்ட்டை நடுவில் புரட்டினால், பக்கத்தின் அடியில் வேறு ஊர்க் கல்லூரி ஒன்றின் பெயர் அப்படியே இருக்கிறது, அழிக்க மறந்துவிட்டார்கள். ‘படங்கள் எங்கே எடுத்தீர்கள்?’ என்றேன். ‘டேட்டாசெட் மேம்.’ ‘எந்த டேட்டாசெட்?’ ‘ஆன்லைன் மேம்.’ சரி, எளிதாகவே கேட்போம் என்று, ‘என்ன செடியோட இலை?’ என்று கேட்டேன். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தக்காளி என்று ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே இருந்தது.

மார்க் குறைந்தது, ஆனாலும் பாஸ்தான். ஒரு நாளைக்கு வரிசையாக இத்தனை டீம் என்று உட்காரவைத்தால் ஒரு டீமுக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது, கைடாக இருப்பவருக்கும் அதே நிலைமைதான், ரிவ்யூ அன்றைக்குத் தவிர பிள்ளைகளைப் பார்க்கவே நேரமில்லாத கைடுகள் உண்டு. வைவாவில் மாட்டுவான் என்று பயமுறுத்தினால் உங்கள் பிள்ளை நம்பமாட்டான், அவனுக்கு நிலவரம் தெரியும். இன்டர்வியூவில் வேண்டுமானால் மாட்டலாம். இந்த ஊர் கம்பெனிகளில் ஃப்ரெஷரிடம் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, ‘உங்க ப்ராஜெக்டைப் பத்திச் சொல்லுங்க’ என்பது. அடுத்தது, ‘இதில் நீங்க பண்ணின பகுதி எது?’

அந்த ரிப்போர்ட்டின் முதல் சில பக்கங்களில் டிக்ளரேஷன் என்று ஒரு தாள் இருக்கும். இது எங்கள் சொந்த உழைப்பு, வேறெங்கும் பட்டத்துக்குக் கொடுத்ததில்லை என்று எழுதி, கீழே நாலு பேர் கையெழுத்து. அதற்குப் பக்கத்திலேயே கைடு, ஹெச்.ஓ.டி., பிரின்ஸிபால் கையெழுத்துகளோடு சர்டிபிகேட். பெரும்பாலான பிள்ளைகள் டிக்ளரேஷனைப் படிப்பதே இல்லை, கூரியர்காரரிடம் போடுகிற மாதிரி போட்டுவிட்டுப் போகிறார்கள். இப்படி உறுதிமொழியில் முதலிலேயே கையெழுத்து வாங்கினால் ஜனங்கள் பொய் சொல்வது குறையும் என்று 2012-ல் அமெரிக்காவின் பெரிய அறிவியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்து, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2021-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கார் இன்ஷூரன்ஸ் கணக்கை வைத்துச் செய்ததாகச் சொன்ன சோதனையின் எண்களே இட்டுக்கட்டியவை என்று தெரியவந்தது. நேர்மை பற்றிய ஆராய்ச்சிக்கே இந்தக் கதி.

சட்டம் இல்லையா என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-ல் கருத்துத் திருட்டுக்கு விதிமுறை கொண்டுவந்தது, ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் அடுத்தவர் எழுத்து இருந்தால் பதிவையே ரத்து செய்யலாம். ஆனால் அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் இதில் சேராது என்று அந்த விதியிலேயே விலக்கியும் வைத்திருக்கிறது. நீட் மாதிரித் தேர்வுகளுக்கு 2024-ல் வந்த சட்டம், வினாத்தாளை விற்கிற கூட்டத்துக்கு 10 வருடம்வரை சிறை என்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், நீட் பேப்பர் விற்றவனை யாரும் ‘தொலையட்டும்’ என்று விடவில்லை.

அவரிடம் பேசுவதுதான் உங்கள் முதல் வேலை. பிள்ளையிடம் அப்புறம் பேசலாம், ஏனென்றால் காசு அவர் கையிலிருந்துதான் போகிறது, அப்பா கொடுத்த காசில் வாங்கியது தப்பு என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது. உபதேசமாகப் பேசாதீர்கள், அவருடைய வேலையை வைத்தே கேளுங்கள். ஒரு லாட் சரக்கு வருகிறது, அவசரம், வண்டி வாசலில் நிற்கிறது. மைக்ரோமீட்டரைக் கையிலேயே எடுக்காமல், போன லாட்டின் அளவுகளைப் பார்த்து இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை நிரப்பிக் கையெழுத்துப் போடுவாரா? பக்கத்து ஷாப்பில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவருக்குக் கீழே இருக்கும் பையன் சொன்னால் என்ன பதில் சொல்வார்? மனுஷன் கோபப்படலாம். படட்டும், அந்தக் கோபம் நல்லது, அதை அப்படியே பிள்ளைமேல் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையிடம், ‘ஏன் வாங்கப் போறே?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். என் அனுபவத்தில் பதில் பாதிக்கு மேல் பயம்தான். ப்ளேஸ்மென்ட் டெஸ்டுக்குப் படிக்க நேரமில்லை, கூட இருக்கிற மூணு பேரில் ஒருவனுக்குத்தான் கோடு எழுத வரும், ஐஇஇஇ (பொறியாளர்களின் உலக அமைப்பு) வெளியிடும் ஆய்வுக் கட்டுரை அளவுக்குப் பெரிதாக எதையாவது செய்தால்தான் மதிப்பார்கள் என்று யாரோ சொல்லிவைத்திருப்பார்கள். இந்தக் கடைசி விஷயம்தான் பிள்ளைகளைக் கடைக்குத் துரத்துகிறது. நான் பார்த்தவரை, சின்னதாக, ஓட்டை உடைசலாக, ஆனால் தானே செய்த ப்ராஜெக்டைக் கொண்டுவரும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிற சுகமே தனி. எங்கே வேலை செய்யவில்லை என்று அவர்களே காட்டுவார்கள்.

யோசனை வேண்டுமா? அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். கையால் எழுதிய இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டைப் போனில் படமெடுத்து, எண்களைப் படித்து, எந்த மெஷினில் அளவு மெல்ல மெல்ல விலகுகிறது என்று கிராஃப் போட்டுக் காட்டினால் போதும், நாலு பேருக்கு ஒரு வருட வேலை இருக்கிறது. முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பழைய ஷீட்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் யாரும் செய்யாததாக இருக்க வேண்டும் என்று ஒரு அவசியமும் இல்லை.

சாட்ஜிபிடியைத் தொடலாமா என்று கட்டாயம் கேட்பான். தொடலாம், கல்லூரி கூடாது என்று சொல்லாதவரை. இணையத்தில் கிடைக்கிற கோடையும் எடுக்கலாம், இந்தத் தொழிலே அப்படித்தான் நடக்கிறது. எதை எங்கிருந்து எடுத்தான், எதற்கு எந்தக் கருவி உதவியது என்று ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் எழுதிவிட வேண்டும், எடுத்ததை விளக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேருக்குப் பயந்து எழுதச் சொல்லாதீர்கள், அவை அத்தனை நம்பகமில்லை. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐயே தன் கண்டுபிடிப்புக் கருவி சரியாகச் சொல்வதில்லை என்று 2023 ஜூலையில் மூடிவிட்டது.

மற்ற மூணு பேரும் வாங்கியே தீருவோம் என்றால்? அப்போது அவன் கைடிடம் போய், டீம் மாற வேண்டும், இல்லாவிட்டால் தனியாகச் செய்கிறேன் என்று கேட்க வேண்டும். காரணத்தை விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை, ‘எங்களுக்குள் ஒத்துவரவில்லை மேம்’ என்றால் எந்தக் கைடுக்கும் புரியும். சிநேகிதர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி அவனை நெருக்காதீர்கள், அதே சமயம் அவர்கள் வாங்கியதன் டிக்ளரேஷனில் அவன் கையெழுத்தும் இருக்கக்கூடாது. நீங்கள் ஹெச்.ஓ.டி.யிடம் போக வேண்டாம் என்றதும் இதற்காகத்தான்: இருபத்தோரு வயதுப் பையன் தானே பேச வேண்டிய இடம் அது. அவன் பேசி, கைடு ‘அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று தட்டிக்கழித்தால், அப்போது நீங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்து ஹெச்.ஓ.டி.யிடம் போங்கள்.

ஒன்று மட்டும் உடனே விசாரியுங்கள், முதல் ரிவ்யூ எந்தத் தேதி என்று. அது முடிந்து தலைப்பு பதிவாகிவிட்டால் பல கல்லூரிகளில் டீம் மாற்ற ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே வீட்டுக்காரரிடம் பேசுவதை இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.