பஸ் பேரு தண்ணில கரைஞ்சு போச்சுங்களா? பிரிண்டர் மேல பழி போடாதீங்க

கரூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு:

"அண்ணா, நான் பிளாஸ்டிக் ஷீட்ல 1:50 அளவுல நம்மூரு பிரைவேட் பஸ் மாடல் செய்யறேனுங்க. சைடுல வர்ற பேருக்கும் பூ டிசைனுக்கும் ஆன்லைன்ல வாட்டர்ஸ்லைடு டெக்கால் பேப்பர் வாங்கி வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர்லயே அடிச்சேன். தண்ணில போட்டதும் செவப்பும் மஞ்சளும் ஓடிருச்சு, கறுப்பு எழுத்து மட்டும் நின்னுச்சு. அதை எடுத்து ஒட்டுனா சுத்தியும் வெள்ளைத் திட்டா தெரியுது. திருப்பூர்ல ஒருத்தர், இந்த பிரிண்டர்ல ஆகாது, நான் வேற மிஷின் வாங்கித் தர்றேன், அட்வான்ஸ் போட்டு விடுங்கன்னு சொல்றாரு. போடலாமுங்களா?"

போடாதீங்க தம்பி. அட்வான்ஸ் மட்டுமில்ல, அந்தாளு போனையே இனி எடுக்க வேண்டாம். உங்க பிரிண்டர்ல ஒரு கோளாறும் இல்லீங்க. பிரிண்ட் எடுத்ததுக்கும் தண்ணில போட்டதுக்கும் நடுவுல ஒரு வேலை விட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

டெக்கால் பேப்பர்ங்கறது என்னன்னா, கீழ ஒரு காகிதம், அதுக்கு மேல தண்ணில எளகற பசை, அதுக்கும் மேல கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஒரு பிலிம். நீங்க பிரிண்ட் அடிக்கறது அந்த பிலிம் மேல. தண்ணி பட்டதும் பசை எளகி பிலிம் வழுக்கிட்டு வரும், அதை பஸ் மேல தள்ளி விட்டா ஒட்டிக்கும். வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர்ல ஊத்தற கலர் இங்க் பெரும்பாலும் டை இங்க், அது தண்ணில கரையற சாதி. கரையற இங்க்கை அடிச்சு அப்படியே தண்ணில போட்டா கரையாம என்னங்க பண்ணும்? பிரிண்ட் காஞ்ச பொறவு மேல கிளியர் அக்ரிலிக் ஸ்பிரே அடிச்சு மூடணும். அந்த ஒரு ஸ்பிரே டப்பாவோட முடியற சோலிக்குத்தான் அவரு மிஷினே மாத்தச் சொல்றாரு.

கறுப்பு மட்டும் எப்படி நின்னுச்சுன்னு யோசிப்பீங்க. இதை கொஞ்சம் நீட்டித்தான் சொல்லோணும், ஏன்னா இதுலதான் நிறையப் பேரு ஏமாந்து போறாங்க. சில கம்பெனி டேங்க் பிரிண்டர்ல கலர் மூணும் டை இங்க், கறுப்பு பாட்டில் மட்டும் பிக்மென்ட் இங்க். பிக்மென்ட்னா பொடி, தண்ணில அவ்வளவு சுளுவா கரையாது. உங்க பிரிண்டர் அந்த வகையாத்தான் இருக்கணும். இதை ஒருக்கா பாத்துட்டு, அட கறுப்புக்கு ஸ்பிரேயே வேண்டாம் போலன்னு முடிவு பண்ணிருவாங்க, அடுத்த தடவை நல்லா டார்க்கா வரட்டும்னு செட்டிங்ஸ்ல போய் பேப்பர் வகையை கிளாஸி போட்டோ பேப்பர்னு மாத்தி வைப்பாங்க, அங்கதான் கதை கந்தலாகும், ஏன்னா போட்டோ பேப்பர்னு சொன்னா அந்த மாதிரி பிரிண்டர் கறுப்பு பாட்டிலைத் தொடவே தொடாது, மூணு கலரையும் கலந்து கறுப்பு மாதிரி ஒண்ணை அடிச்சுக் குடுக்கும். பாக்க கறுப்புதான், ஆனா முழுக்க டை. போன வாரம் நின்ன அதே எழுத்து இந்த வாரம் தண்ணில மையாக் கரையும், இவங்க பேப்பர் டூப்ளிகேட்டுன்னு திட்டுவாங்க. அதனால கறுப்போ கலரோ, எதா இருந்தாலும் ஸ்பிரே அடிச்சே ஆகணும்.

ஸ்பிரேக்கு பெயிண்ட் கடையில, பைக் பார்ட்ஸ் கடையில விக்கற சாதா கிளியர் அக்ரிலிக் லேக்கர் டப்பா போதும். ரெண்டு மருந்து கலக்கற டூகே கிளியர் நல்லா நிக்கும்னு யாராவது சொல்லுவாங்க, அதோட புகை நுரையீரலுக்கு ஆகாது, வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே வேண்டாம். பிரிண்ட்டை ஒரு ராத்திரி காய விட்டு, மொத கோட்டை ஒரு முழம் தள்ளி நின்னு பனி விழுந்தாப்புல லேசா அடிங்க. எடுத்த எடுப்புல ஈரமா சொதசொதன்னு அடிச்சா ஸ்பிரேயே இங்க்கைக் கலைச்சு விட்டுரும். நல்லா காஞ்சதும் இன்னும் ரெண்டு மெல்லிசு கோட்டு. மொட்டை மாடியில அடிக்கலாம்னு ஆடி மாசத்துல போயிராதீங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பாதி ஸ்பிரேயைக் கொண்டு போயிரும், மீதி மேல ஊரு மண்ணு பூராம் ஒட்டும். ஐப்பசி மழை நாள்லயும் வேண்டாம், காத்துல ஈரம் இருந்தா கிளியர் பால் மாதிரி வெளுத்துக்கும்.

இனி பேப்பர். இதுலதான் எனக்கு வவுறு எரியறது. டெக்கால் பேப்பர் இங்க்ஜெட்டுக்கு ஒண்ணு, லேசருக்கு ஒண்ணு, ரெண்டும் வேற வேற. ஆன்லைன்ல விக்கறவன் "எல்லா பிரிண்டருக்கும்"னு போடுவான், நம்பாதீங்க. இங்க்ஜெட் பேப்பரை லேசர்ல விட்டா உள்ள இருக்கற சூட்டு ரோலர் கிட்டத்தட்ட 200 டிகிரில இருக்கும், அந்த கோட்டிங் எளகி ரோலர்ல சுத்திக்கும், மிஷினைக் கழட்டித்தான் எடுக்கோணும். ஜெராக்ஸ் கடைக்காரர் உங்க பேப்பரைப் பாத்து மாட்டேன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க, அவரு பொழப்பு அது. லேசர்னு அச்சடிச்ச கவரோட கொண்டு போய்க் காட்டுங்க, வாங்கிக்குவாரு. லேசர் டோனர் பிளாஸ்டிக் பொடி, தண்ணில ஓடாது, அதுக்கு முன்னாடியே ஸ்பிரே அடிக்கணும்னு கட்டாயமில்ல.

சில பேரு டாட்டூ பேப்பரை டெக்கால்னு அனுப்புவாங்க. கவருக்குள்ள பேப்பர் கூட பசை ஷீட்டு தனியா ஒண்ணு வந்தா அது டாட்டூ பேப்பர், திருப்பி அனுப்புங்க. பேக் பண்ணி விக்கற பொருள் மேல பொருளோட பேரு, விலை, கொண்டு வந்தவங்க விலாசம் எல்லாம் இருக்கணும்னு 2011லயே லீகல் மெட்ராலஜி விதி போட்டாச்சு. எனக்கு வர்ற பாக்கெட்டுல பாதிக்கு மேல வெறும் வெள்ளைக் கவரு, ஒரு எழுத்து இருக்காது. கம்ப்ளைன்ட் பண்ணப் போனா பில்லு கொண்டா, போட்டோ எடு, பாக்கெட்டை முழுசா வீடியோ எடுத்தியாங்கறாங்க. நூத்திச் சொச்சம் ரூவா பேப்பருக்கு யாருங்க கோர்ட்டு வாசப்படி ஏறுவாங்க? அந்த தைரியத்துலதான் விக்கறான்.

திருப்பூர்ல பிரிண்டிங் பாக்காத சந்து இல்ல, அதுக்கு நான் குறை சொல்லல. ஆனா துணிக்கு அடிக்கறவங்க எல்லாத்தையும் அவங்க மிஷின்லயே முடிக்கப் பாப்பாங்க. யூவி டிடிஎஃப் ஸ்டிக்கர், அதாவது பிலிம்ல யூவி இங்க் அடிச்சு அப்படியே எடுத்து ஒட்டறது, போட்டுக்கலாம்னு சொல்லுவாங்க, கப்பு, பாட்டிலுக்கு அது ஜோரா இருக்கும். உங்க பஸ்ஸுக்கு? 12 மீட்டர் பஸ்ஸு 1:50ல 24 சென்டிமீட்டர், அதுல அந்த ஸ்டிக்கர் தடிமனு விரல் வெச்சா தட்டுப்படும், விளிம்பு தூரத்துல இருந்தே தெரியும்.

அவங்க சொல்றதுல ஒரு விஷயம் மட்டும் நெசம், வீட்டு பிரிண்டர்ல வெள்ளை இங்க் கிடையாது. கிளியர் பேப்பர்ல, அதாவது பிலிம் கண்ணாடி மாதிரி இருக்கற வகையில, அடிச்ச மஞ்சள், பச்சை பாடி மேல போனா காணாமப் போயிரும், இங்க் அடியில இருக்கறதை மறைக்காது. அதுக்கு, பேரு வர்ற எடத்துல பாடியிலயே வெள்ளை பட்டை பெயிண்ட் பண்ணி அதுக்கு மேல ஒட்டுங்க. இல்லைன்னா வெள்ளை டெக்கால் பேப்பர் வாங்கி, எழுத்தைச் சுத்தி பாடி கலரையே பிரிண்ட் பண்ணி வெட்டி ஒட்டுங்க. கலர் அச்சு அசலாப் பொருந்தாது, பச்சையில சத்தியமாப் பொருந்தாது, அதனால பட்டை டிசைனுக்குள்ள ஒளிச்சு வெட்டறதுதான் வழி.

டிசைனை வாட்ஸ்அப்ல வந்த படமா வெக்காதீங்க, பிடிஎஃப்பா வெச்சு, பிரிண்ட் பண்ணும்போது "பிட் டு பேஜ்"ஜை எடுத்துட்டு 100 சதவீதத்துல அடிங்க. நெசப் பஸ்ல 5 சென்டிமீட்டர் இருக்கற "படியில் பயணம் நொடியில் மரணம்" உங்க பஸ்ல 1 மில்லிமீட்டர், மங்குன படத்துல இருந்து அது எறும்பு வரிசையாத்தான் வரும்.

கிளியர் பேப்பரை வெட்டும்போது டிசைனைச் சுத்தி 1 மில்லிமீட்டராவது சும்மா விடுங்க. இங்க் மேலயே வெட்டுனா அந்த வெட்டுவாய் வழியா தண்ணி உள்ள பூந்து ஓரம் கரையும். வெள்ளைப் பேப்பர்ல ஒட்ட வெட்டித்தான் ஆகணும், அதனால அதை தண்ணில முக்காதீங்க, நனைச்ச ஸ்பாஞ்சு மேல முதுகு கீழ இருக்கற மாதிரி வெச்சிருங்க, காகிதம் அடியில இருந்து தானா ஊறிக்கும். ஒரு நிமிசத்துல பிலிம் நகரும். நகராட்டி இன்னுங் கொஞ்ச நேரம் விடுங்க, நகத்தால நோண்ட வேண்டாம். தண்ணி ஆர்ஓ தண்ணியா இருக்கட்டும், போர் தண்ணின்னா காஞ்ச பொறவு உப்பு வட்டம் தெரியும். சிறுவாணி வர்ற வீட்டுக்காரங்களுக்கு இந்தக் கவலை இல்ல, உங்களுக்கு உண்டு.

அந்த வெள்ளைத் திட்டு எதனாலன்னா, பளபளப்பு இல்லாத மேட் பெயிண்ட் மேல ஒட்டியிருக்கீங்க. மேட் பெயிண்ட் கண்ணுக்கு வழவழன்னு தெரிஞ்சாலும் சொரசொரப்பா இருக்கும், பிலிமுக்கு அடியில காத்து மாட்டிக்கிட்டு பளபளன்னு வெளுத்துக் காட்டும். ஒட்டற எடத்துல மொதல்ல பளபளப்பு தர்ற கிளாஸ் (gloss) கிளியர் அடிச்சு, ரெண்டு நாள் காய விட்டு, ஒரு சொட்டு தண்ணி வெச்சு அதுக்கு மேல டெக்காலை நகத்துங்க. நடுவுல இருந்து ஓரத்துக்கு ஈரத் துணில ஒத்தி எடுங்க, தேய்க்க வேண்டாம். ஏற்கனவே ஒட்டுன பேருல இருக்கற திட்டுக்கு, ஊசியில நாலு பொத்து குத்தி, வெள்ளை வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து பிரஷ்ல தொட்டு வெச்சுப் பாருங்க, பாதி சரியாகும். டெக்காலை எளக்கி பாடியோட படிய வெக்கற மைக்ரோ சோல் மாதிரி கடை மருந்து கம்பெனி டெக்காலுக்குன்னே செஞ்சது, நம்ம ஸ்பிரே கோட்டு மேல அது சுருக்கம் விழ வெச்சாலும் வெக்கும், வேலைக்காகாத துண்டு ஒண்ணுல சோதிச்சுட்டுத் தொடுங்க. தின்னர் கிட்டயே போகாதீங்க.

ஒட்டி ஒரு நாள் கழிச்சு கடைசியா மேட்டோ கிளாஸோ பஸ்ஸு முழுக்க ஒரு மெல்லிசு கோட்டு. பாடிக்கு எனாமல் பெயிண்ட் அடிச்சிருந்தா அது மேல லேக்கர் ஸ்பிரே சில சமயம் நெளிஞ்சு வரும், அதனால மொதல்ல பஸ்ஸு வவுத்துப் பக்கம் அடிச்சுப் பாத்துட்டு சைடுக்கு வாங்க.