ஓங்காத கையின் அடி

கேள்வி: ‘சிஸ்டமா’ என்னும் ரஷ்யச் சண்டைக் கலையின் ஆசான் விளாதிமிர் வசீலியெவ், கையை ஓங்காமலேயே எதிரில் நிற்பவரைச் சுருண்டு விழச் செய்யும் காணொளிகளைப் பார்த்தேன். அவர் யார்? அந்த அடி உண்மைதானா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: வசீலியெவ் சோவியத் படையின் சிறப்புப் பிரிவில் பணியாற்றிவிட்டுக் கனடாவில் குடியேறியவர் என்கிறது அவருடைய பள்ளி. 1993-இல் டொராண்டோவில் அவர் தொடங்கிய அந்தப் பள்ளியே ரஷ்யாவுக்கு வெளியே எழுந்த முதல் சிஸ்டமா பள்ளி. அவருடைய குரு மாஸ்கோவைச் சேர்ந்த மிகயீல் ரியாப்கோ (1961–2023). ஸ்டாலினின் மெய்க்காவலர்களுள் ஒருவரிடம் சிறுவயதிலேயே வித்தை பயின்றவர் ரியாப்கோ என்று சீடர்கள் சொல்வார்கள். குருமார் கதைகள் எந்த நாட்டிலும் சற்று மெருகேறியே நம்மிடம் வந்து சேர்கின்றன என்பதால், அதை ஓர் ஐதிகமாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

அடியின் நுட்பத்துக்கு அப்படிப்பட்ட கதை எதுவும் தேவையில்லை. கையை விறைத்துக்கொண்டு குத்தும்போது, முழங்கையை நீட்டும் தசையோடு மடக்கும் தசையும் சேர்ந்தே இறுகுவதால், நம் வேகத்துக்கு நாமே தடை போடுகிறோம். போதாக்குறைக்கு, முன்கூட்டியே உயரும் தோள் எதிராளிக்குச் சேதி சொல்லிவிடுகிறது. வசீலியெவின் கை தொடையருகே தொங்கிக்கொண்டிருக்கும். அங்கிருந்தே, பின்னுக்கு இழுக்கப்படாமல், கயிற்றில் கட்டிய கல்லைப் போலப் புறப்பட்டுப் போகும். தோளும் முழங்கையும் தளர்ந்திருக்க, முஷ்டி மட்டுமே கனத்திருக்கும். இதற்கான பயிற்சியும் எளிமையானதுதான்: முஷ்டிகளைத் தரையில் ஊன்றி, மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விட்டபடி, தோள் இறுகாமல் மிக மெதுவாகத் தண்டால் எடுப்பார்கள். பிறகு ஒருவர் முஷ்டியைத் துணைவரின் மார்பிலோ வயிற்றிலோ வைத்து அழுத்தி, அவர் உடல் எங்கே இறுகியிருக்கிறது என்று தேடுவார். அடி வாங்குவதும் பாடத்தின் ஒரு பகுதியே. அடிபட்டவர் மூச்சைச் சிறு சிறு வெடிப்புகளாக வெளியேற்றி வலியைக் கரைக்கப் பழகுகிறார்.

ஆகவே அடி உண்மை. விழுகை முழுவதும் உண்மை என்று நான் சொல்லமாட்டேன். காணொளியில் நிற்பவர் ஆசானிடம் பல காலம் பயின்ற மாணவர்; தாக்க வருபவரும் ஒரே ஒரு முறை, பெரும்பாலும் நிதானமாகவே வருகிறார். விடாமல் முட்டி மோதுகிற முரடன் ஒருவனிடம் அதே தளர்ச்சியைக் காப்பாற்றுவது வேறு காரியம்.

கேள்வி: சாம்போ என்னும் ரஷ்யச் சண்டைக் கலையும் சிஸ்டமாவும் ஒன்றா?
– வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: இல்லை. ‘ஆயுதமின்றித் தற்காப்பு’ என்னும் ரஷ்யத் தொடரின் சுருக்கமே சாம்போ. 1938-இல் சோவியத் அரசு அதை விளையாட்டாக ஏற்றது. அதற்கு வித்திட்டவர்களுள் ஒருவரான வசீலி ஒஷ்செப்கோவ் ஜப்பானில் ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோகனில் ஜூடோ கற்றுக் கறுப்புப் பட்டை பெற்றவர்; ஜப்பானிய உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டு, 1937-இல் சிறையிலேயே இறந்துபோனார். விளையாட்டுச் சாம்போவில் வீசி எறிவதும் கை கால் மூட்டுகளை மடக்கிப் பூட்டுப் போடுவதும் உண்டு, அடி கிடையாது. போர்ச் சாம்போவில் குத்து, உதை இரண்டுக்கும் இடமுண்டு. அங்கே நடுவரும் புள்ளிக் கணக்கும், ஒத்துழைக்க மறுக்கும் எதிராளியும் இருக்கிறார்கள். வசீலியெவின் பள்ளியிலோ போட்டி என்பதே கிடையாது.